சாட்சிக் கூண்டில் நின்றவனின் துணிவு

அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2003-இல் ஹாலிவுட்டின் நூறாண்டு நாயகர்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் ஒரு வக்கீலுக்குப் போனது. அலபாமா மாநிலத்தில் மேகோம் என்ற கற்பனைச் சிற்றூரில் தொழில் பார்க்கும் அட்டிகஸ் ஃபின்ச். ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1960 ஜூலையில் வந்தது. மறு வருடமே புலிட்சர் பரிசு. 1962-இல் திரைப்படம், அட்டிகஸாக நடித்த கிரிகரி பெக்குக்கு ஆஸ்கர். லீ பிறந்து வளர்ந்த மன்ரோவில் ஊரில் 1997-இல் அலபாமா வழக்கறிஞர் சங்கம் அட்டிகஸுக்கு நினைவுச்சின்னம் எழுப்பியது. வெள்ளைக்காரப் பெண்ணைப் பாலியல் வன்முறை செய்ததாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சனுக்காக வாதாடித் தோற்றவர் அவர். அமெரிக்காவில் மட்டுமின்றி நம்மூர் ஆங்கில இலக்கிய வகுப்புகளிலும், அறத்துணிவு என்றதும் நினைவுக்கு வரும் முகம் அவருடையதாகிவிட்டது.

இந்தப் புகழோடு ஒரு பார்வையும் நிலைபெற்றிருக்கிறது. சிற்றூரின் இனவெறியைப் பற்றிய கதை என்றால் அதன் நடுவில் ஒரு தனிமனிதர் இருக்க வேண்டும். படித்தவர், நிதானமானவர், வெள்ளையர். ஊரே எதிர்த்தாலும் அவர் மனசாட்சிப்படி நடப்பார். அவர் காட்டுவதுதான் துணிவு. அவருக்கு எதிரே நிற்கும் வெறுப்போ, எழுத்தறிவில்லாத ஏழை வெள்ளையரின் அறியாமை. அந்த அறியாமைக்கு மருந்து, அடுத்தவர் இடத்தில் நின்று பார்க்கப் பழகுவது. பாடநூல்களும் திரை விமர்சனங்களும் இதை அறுபது வருடங்களாகச் சொல்லி வருகின்றன. இந்தப் பார்வை அடியோடு தவறு என்பது என் வாதம். லீயின் நாவலைக் கவனமாகப் படித்தால் அந்த நாவலே இதை ஏற்கவில்லை என்பது தெரியும். அமெரிக்கத் தென்மாநிலச் சிற்றூர்களைப் பற்றி எழுதிய வேறு பெரிய எழுத்தாளர்கள் இதைத் தலைகீழாகவே புரட்டிப் போட்டிருக்கிறார்கள்.

அட்டிகஸின் கணக்கை முதலில் நேர்மையாகப் பார்த்துவிடுவோம். டாமின் வழக்கை அவர் தேடிப் போகவில்லை. நீதிபதி டெய்லர் ஒப்படைத்தார். இப்படியொரு வழக்கு வராமலே வாழ்நாளைக் கழித்துவிடலாம் என்று நம்பியிருந்ததாகத் தன் தம்பியிடம் அவரே சொல்கிறார். கையில் வந்த பிறகு முழு மனதோடு வாதாடுகிறார், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அவர் பிள்ளைகளைப் பள்ளியில் பழிக்கிறார்கள். பாப் யூவெல் அவர் முகத்தில் துப்புகிறான். கடைசியில் அவன் இருட்டில் குழந்தைகளைத் தாக்க, மூத்தவன் ஜெம்மின் கை முறிகிறது. இவை சிறிய விலைகள் அல்ல. ஆனால் பாராட்டுரைகள் எதிலும் இடம்பெறாத ஒரு செய்தி நாவலில் இருக்கிறது. தீர்ப்பு வந்த பிறகு நடந்த தேர்தலில் மேகோம் மக்கள் வழக்கம்போலவே அட்டிகஸைப் போட்டியின்றி மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள். கதை சொல்லும் சிறுமி ஸ்கவுட்டுக்கே அது விசித்திரமாகப் படுகிறது. தன் மகனைப் போல் நம்பும் ஒருவர் கொஞ்சம் வழி தவறினால் ஊர் அவரைக் கண்டிக்கும், பிறகு சேர்த்துக்கொள்ளும். ஊரோடு அவருக்கிருந்த உறவு அறுபடவே இல்லை.

இப்போது டாமின் கணக்கு. இருபத்தைந்து வயது. மூன்று குழந்தைகள். சிறுவயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கி இடது கை சூம்பிப் போனவர். கூண்டில் ஏறி, மேயெல்லா யூவெல்தான் தன்னை அணைத்தாள், தன்னை முத்தமிட்டாள் என்று சொல்கிறார். 1930களின் அலபாமாவில், வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்திருக்கும் ஜூரியின் முன்னால், ஒரு வெள்ளைக்காரப் பெண் பொய் சொல்கிறாள் என்பதற்கு நிகரான அந்தச் சொற்களைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதற்கும் மேலே ஒன்று நடக்கிறது. காசு வாங்காமல் அவள் வீட்டு வேலைகளை ஏன் செய்து கொடுத்தாய் என்று அரசு வக்கீல் கில்மர் குடைகிறார். அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன் என்கிறார் டாம். சபை உறைகிறது. கறுப்பன் ஒருவன் வெள்ளைக்காரியைப் பார்த்து இரக்கப்படுவதா? இரக்கம் மேலிருந்து கீழே இறங்குவது. அந்தத் திசையை டாம் மாற்றிவிட்டார். ஜூரி அவரைத் தண்டித்தது சூம்பிய அந்த இடது கையோடு அவர் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்காகவா, இந்த வாக்கியத்துக்காகவா? இந்த வாக்கியத்துக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். தன்னைக் காப்பாற்றும் பொய் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் உண்மையைச் சொன்ன மனிதர் அந்த நீதிமன்றத்தில் டாம் ஒருவர்தான். நாவலின் மிகத் துணிவான செயல் இது. அட்டிகஸின் இறுதியுரையைப் பள்ளிக் குழந்தைகள் மனப்பாடம் செய்கிறார்கள். டாமின் சாட்சியத்தை மேடையேறி ஒப்பிக்கும் குழந்தையை நான் பார்த்ததில்லை.

நாவலின் வடிவமும் இதற்குத் துணைபோகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கில்மர் டாமை அவமதிக்கும் குரலில் குறுக்கு விசாரணை செய்யச் செய்ய, பக்கத்துவீட்டு விருந்தாளிச் சிறுவன் டில் அழத் தொடங்குகிறான். ஸ்கவுட் அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். அவர்கள் திரும்பும்போது அட்டிகஸ் தன் இறுதியுரையின் நடுவில் இருக்கிறார். டாமின் விசாரணை எப்படி முடிந்தது, கூண்டிலிருந்து அவர் எப்படி இறங்கினார் என்பதை வாசகர் பார்ப்பதே இல்லை. தீர்ப்புக்குப் பிறகு மாடியில் கறுப்பின மக்கள் எழுந்து நிற்பதும், மதகுரு சைக்ஸ் ஸ்கவுட்டையும் எழச் சொல்வதும் மட்டும் நாவலிலும் படத்திலும் அழியாத காட்சியாகிவிட்டன. அங்கே நின்றவர்களில் பலர் மறுநாள் வெள்ளையர் வீட்டு வேலைக்கும் வயலுக்கும் போக வேண்டியவர்கள். டாமின் மனைவி ஹெலன், யூவெல் வீட்டாரின் தொல்லைக்குப் பயந்து ஒரு மைல் சுற்றி நடந்து வேலைக்குப் போகிறாள். முதலாளி லிங்க் டீஸ் யூவெல்லை அதட்டிய பிறகு நேர்வழியில் போகிறாள். அப்போது பாப் யூவெல் பின்னாலேயே வந்து காது கூசும் வார்த்தைகளை முணுமுணுக்கிறான். கணவன் சிறைப்பண்ணையில் தப்ப முயன்றபோது உடம்பில் 17 குண்டு பாய்ந்து செத்த பிறகு நடந்த நடை இது. ஒரு மனிதர் ஒரு முறை வழக்காடியதைத் துணிவு என்று கொண்டாடும் நாம், ஒரு பெண் ஒவ்வொரு நாளும் அந்தச் சாலையில் நடந்ததற்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்?

அடுத்தது அறியாமை. இனவெறி யூவெல் குடும்பத்தின் நோய், கல்வி வந்தால் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் ஆசிரியர்களுக்கு மிக வசதியானது. நாவல் சொல்வது வேறு. ஊர்க் குப்பைமேட்டுப் பக்கம் வாழும் யூவெல்களை மேகோம் முழுக்க அருவருக்கிறது. பாப் யூவெல் குடிகாரன், பொய்யன், பிள்ளைகளைப் பட்டினி போடுகிறவன் என்று ஜூரியில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அவன் இடதுகைக்காரன் என்பதை அட்டிகஸ் எல்லோர் முன்னும் எழுதவைத்துக் காட்டினார். மேயெல்லாவின் வலப்பக்க முகத்தில் விழுந்த அடி யார் கையால் விழுந்திருக்கும் என்பது நீதிமன்றத்தில் ஒருவருக்கும் புரியாமல் போகவில்லை. புரிந்துகொண்டுதான் தண்டித்தார்கள். தாங்களே நம்பாத ஒருவனின் வார்த்தையைத் தாங்கள் நம்பும் ஒருவனின் வார்த்தைக்கு மேலே வைத்தார்கள், அவனுடைய தோல் வெளுப்பு என்பதற்காக. தெரியாமையிலிருந்து வந்த தீர்ப்பு அல்ல அது. எல்லாம் தெரிந்த பின் எழுந்த ஒழுங்கு.

அந்த ஒழுங்கைக் காப்பவர்கள் படித்தவர்களும் பக்திமான்களும். ஆப்பிரிக்காவில் யாரோ ஒரு பழங்குடியின் துயரத்துக்காகக் கண்கலங்கும் மிஷன் சங்கத்துப் பெண்கள், அதே மூச்சில் தங்கள் சமையல்காரிகளின் முகவாட்டத்தைக் குறை சொல்கிறார்கள். ஹிட்லர் யூதர்களை வதைப்பது கொடுமை என்று வகுப்பில் மனம் உருகும் ஆசிரியை கேட்ஸ், கறுப்பர்களுக்கு இப்படியொரு பாடம் தேவைதான் என்று நீதிமன்ற வாசலில் பேசியதை ஸ்கவுட் கேட்டிருக்கிறாள். இந்தக் கூர்மை லீயுடையது. அவரை நான் மதிப்பது இதற்காகத்தான். வாசகர்கள்தான் இந்த நல்லவர்களைக் கடந்துபோய் யூவெல்லிடம் வந்து நிற்கிறார்கள். அவனை வெறுப்பது சுலபம்.

அடுத்தவர் தோலுக்குள் நுழைந்து பார் என்ற அட்டிகஸின் அறிவுரை நாவலிலேயே அதிகம் பேசப்படுவது. யாருடைய தோலுக்குள் நுழையச் சொல்கிறார்? பள்ளி ஆசிரியை, வீட்டைவிட்டு வெளியே வராத அண்டைவீட்டுக்காரர், டாமை இழுத்துப் போக இரவில் சிறை வாசலுக்கு வந்த கும்பலிலிருந்த கன்னிங்ஹாம், ஏன், பாப் யூவெல் கூட. எல்லோருமே வெள்ளையர். டாம் இடத்தில் நின்று பார், ஹெலன் இடத்தில் நின்று பார் என்று அட்டிகஸ் குழந்தைகளிடம் ஒரு முறையும் சொல்வதில்லை. கொல்ல வந்தவனைப் புரிந்துகொள்ளப் பயிற்சி கொடுக்கப்படுகிறது; கொல்லப்பட இருந்தவனைப் புரிந்துகொள்ள அல்ல. டாம் ஏன் ஓடினார் என்று அட்டிகஸ் யோசிக்கும்போது மட்டும், வெள்ளையர் தரும் வாய்ப்புகளில் அவருக்குச் சலிப்பு தட்டியிருக்கும், தன் வாய்ப்பைத் தானே எடுத்துக்கொள்ள நினைத்திருப்பார் என்கிறார். அந்த ஒரு நொடியில் உண்மை அவர் வாயிலிருந்து வருகிறது. மேல்முறையீட்டில் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று நம்பியவர் வக்கீல். அந்த வாய்ப்பின் எடை எவ்வளவு என்று அறிந்திருந்தவர் டாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. 1960-இல் வந்த புத்தகத்தை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா? அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இவ்வளவு எழுதியதே பெரிதல்லவா? பெரிதுதான். ஆனால் "அந்தக் காலம்" என்பதற்குள் யாரெல்லாம் இருந்தார்கள்? அதே அலபாமாவின் தலைநகர் மான்ட்கமெரியில் 1955 டிசம்பரிலிருந்து 381 நாட்கள் கறுப்பின மக்கள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். லீ சட்டம் படித்த அலபாமா பல்கலைக்கழகத்தில் 1956 பிப்ரவரியில் ஆதரின் லூசி என்ற கறுப்பினப் பெண் மாணவியாகச் சேர்ந்தார். கும்பல் கல்லெறிந்தது, பல்கலைக்கழகம் அவரையே வெளியேற்றியது. நாவல் அச்சேறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1960 பிப்ரவரியில், மான்ட்கமெரி மாவட்ட நீதிமன்றக் கட்டடத்துச் சிற்றுண்டிக் கடையில் அலபாமா மாநிலக் கல்லூரி மாணவர்கள் போய் அமர்ந்தார்கள். ஒன்பது பேர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீதிமன்றம், அலபாமா, 1960. நாவலுக்கு வெளியே நின்ற துணிவு இளமையானது, கறுப்பு, கூட்டமாக வந்தது, விலையை உடனே கொடுத்தது. இதையெல்லாம் அளவுகோலாகக் கொள்வது இன்றைய பார்வையை அன்றைக்குத் திணிப்பது ஆகாது.

தனிமனிதராக நின்ற வெள்ளையர் யாருமே இல்லையா என்றால், இருந்தார்கள். லீயின் கதைக்குப் பின்னணியாகப் பலரும் சொல்லும் ஸ்காட்ஸ்பரோ வழக்கிலேயே இருந்தார். 1931 மார்ச்சில் சரக்கு ரயிலில் வந்த ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது இரு வெள்ளைக்காரப் பெண்கள் பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டினார்கள். சில நாட்களில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. மறுவிசாரணைக்கு வந்தபோது, அந்தப் பெண்களில் ஒருவரான ரூபி பேட்ஸ் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீதிமன்றத்திலேயே மறுத்துச் சொன்னார். ஜூரி அப்போதும் ஹேவுட் பேட்டர்சனுக்கு மரணம் விதித்தது. நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் 1933 ஜூனில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் பதவி பறிபோனது. போட்டியின்றித் தேர்வான அட்டிகஸையும் தோற்கடிக்கப்பட்ட ஹார்ட்டனையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். சிற்றூர் யாரைத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தது என்பதில் அவர் அதற்கு எவ்வளவு ஆபத்தாக இருந்தார் என்பது தெரியும். ஹார்ப்பர் லீயின் தந்தையும் வக்கீல், சட்டமன்ற உறுப்பினர். 1919-இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரு கறுப்பர்களுக்காக வாதாடினார், இருவரும் தூக்கிலேற்றப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவர் குற்றவியல் வழக்கே எடுக்கவில்லை. அட்டிகஸின் நிதானத்தைவிட அந்த விலகல் எனக்கு அதிகம் சொல்கிறது.

ஹார்ட்டனைப் பாராட்டும்போதும் ஏடா ரைட்டை மறக்கக் கூடாது. அந்த ஒன்பது பேரில் இருவரின் தாய் அவர். தென்மாநிலத்தைச் சேர்ந்த ஏழைக் கறுப்பினப் பெண். 1932-இல் ஐரோப்பா முழுக்கப் பயணம் செய்து கூட்டம் கூட்டமாகத் தன் பிள்ளைகளுக்காகப் பேசினார். இந்த வழக்கை உலகம் அறிந்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு. சிற்றூர்க் கதைகளில் இப்படியொரு தாய் எங்கே? டாமின் தாய்க்கு மேகோமில் பேச்சே இல்லை.

வில்லியம் ஃபாக்னர் 1948-இலேயே 'இன்ட்ரூடர் இன் தி டஸ்ட்' நாவலில் இந்த வக்கீல் நாயகனைச் சந்தேகத்தோடு பார்த்திருந்தார். மிசிசிப்பியில் கொலைப் பழி சுமத்தப்பட்ட முதியவர் லூகஸ் பீச்சம், யாருக்கும் வளைந்து கொடுக்காத கறுப்பர். நிறையப் பேசும் தாராளவாத வக்கீல் கேவின் ஸ்டீவன்ஸ், லூகஸ் சொல்வதை முழுதாகக் கேட்கக்கூடப் பொறுமையில்லாதவர். இரவில் கல்லறையைத் தோண்டி உண்மையை எடுப்பவர்கள் அவருடைய மருமகன் சிறுவன் சிக், அவனுடைய கறுப்பின நண்பன் அலெக், எழுபது வயதான மிஸ் ஹேபர்ஷாம். கடைசியில் லூகஸ் வக்கீலிடம் வந்து கட்டணத்தைச் சில்லறையாக எண்ணி வைத்துவிட்டு ரசீது கேட்கிறார். நன்றிக்கடன் பட மாட்டேன், உன் வேலைக்குக் கூலி கொடுத்துவிட்டேன் என்பதுதான் அதன் பொருள். கேவின் வாயிலாக ஃபாக்னர் நிறையப் பிதற்றவும் செய்கிறார். வடமாநிலங்கள் தலையிடாமல் இருந்தால் தெற்கு தானே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்ற நீண்ட பிரசங்கங்களை என்னால் பொறுக்க முடிவதில்லை. ஆனாலும் அந்த ரசீது போதும்.

இந்தப் பார்வையை முழுதாக உடைத்தவர் எர்னஸ்ட் கெய்ன்ஸ். 1933-இல் லூசியானாவின் பாய்ன்ட் கூபீ பகுதியில், அடிமைகள் வாழ்ந்த குடியிருப்பில் பிறந்தவர். நடக்க முடியாத அத்தை ஒருவர், தரையில் தவழ்ந்தபடியே சமைத்து அவரை வளர்த்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே உயர்நிலைப் பள்ளி இல்லாததால் பதினைந்து வயதில் கலிஃபோர்னியா போனார். பிறகு எழுதியதெல்லாம் அந்தக் குடியிருப்பைப் பற்றித்தான். 1993-இல் வந்த 'எ லெசன் பிஃபோர் டையிங்' நாவல், வெள்ளைக்கார வக்கீல் ஒருவரின் வாதத்தில் தொடங்குகிறது. ஜெஃபர்சன் என்ற இளைஞனைக் காப்பாற்ற அவர் ஜூரியிடம் சொல்வது இதுதான்: திட்டமிட்டுக் கொல்லும் அறிவு இவனுக்கு ஏது, இவனை மின்நாற்காலியில் உட்கார வைப்பதும் ஒரு பன்றியை உட்கார வைப்பதும் ஒன்று. எதிர்த்தரப்பு சொன்னதல்ல, காப்பாற்ற வந்தவர் சொன்னது. நல்லெண்ணம் என்ற பெயரிலேயே ஒரு மனிதனை மனித வரிசையிலிருந்து இறக்கிவிட முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை. அதன்பின் நாவல் முழுக்க ஒரே கேள்விதான். சாவு உறுதி; விடுதலைக்கு வழியில்லை. அந்தப் பையனை வளர்த்த மிஸ் எம்மா கேட்பது, அவன் மனிதனாக நடந்து போய்ச் சாக வேண்டும் என்பது மட்டும். அந்த வேலை பள்ளி ஆசிரியர் கிராண்ட் விக்கின்ஸின் தலையில் விழுகிறது. அவர் நாயகரே அல்ல. ஊரைவிட்டு ஓட நினைப்பவர், சலிப்பும் கோபமும் கொண்டவர். வெள்ளைப் பண்ணையாரின் சமையலறையில் மணிக்கணக்காகக் காக்க வைக்கப்படுகிறார். தண்டனை நிறைவேறும் நாளில் உடனிருக்கும் தைரியம் தனக்கில்லை என்பதை ஒப்புக்கொள்கிறார். உண்மையான துணிவு ஜெஃபர்சனிடமும், மிஸ் எம்மாவின் பிடிவாதத்திலும் இருக்கிறது.

அதைவிடவும் நான் அதிகம் மதிப்பது அதற்குப் பத்து வருடம் முன்பு கெய்ன்ஸ் எழுதிய 'எ கேதரிங் ஆஃப் ஓல்ட் மென்'. ஒரு கரும்புப் பண்ணைக் குடியிருப்பில் போ பூட்டான் என்ற வெள்ளைக்காரர், மாத்து என்ற கறுப்பின முதியவரின் வீட்டு முற்றத்தில் சுடப்பட்டுக் கிடக்கிறார். பண்ணையின் வாரிசான கேண்டி என்ற வெள்ளைக்கார இளம்பெண்ணை வளர்த்தவர் மாத்து. அவரைக் காப்பாற்ற அவள் ஆளனுப்புகிறாள்: எல்லோரும் 12 போர் துப்பாக்கியும் சுட்ட 5-ஆம் எண் தோட்டாவும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எழுபது, எண்பது வயது முதியவர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஷெரிஃப் மேப்ஸ் வந்து ஒருவரைக் கேட்க, நான்தான் கொன்றேன் என்கிறார். மேப்ஸ் அவரை அறைகிறார். அடுத்தவரைக் கேட்க, நான்தான் என்கிறார். அவருக்கும் அறை. பிறகு ஒரு கட்டத்தில், அடிவாங்குவதற்கென்றே மற்றவர்கள் வரிசையில் வந்து நிற்கிறார்கள். ஷெரிஃபின் கை தளர்கிறது.

வாழ்நாள் முழுக்கத் தலைகுனிந்து நின்றவர்கள் இவர்கள். அந்த முற்றத்தில் ஒவ்வொருவரும் தான் செய்யாமல் விட்டதைச் சொல்கிறார். கோவேறு கழுதைகளைப் பூட்டி டிராக்டரோடு போட்டியிட்டு ஜெயித்த குற்றத்துக்காகத் தன் சகோதரன் அடித்தே கொல்லப்பட்டபோது பயந்து சும்மா நின்றதைச் சொல்கிறார் டக்கர். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் வார்த்தையை மட்டும் நம்பி, தன் பதினாறு வயது மகனை மின்நாற்காலியில் கொன்றுவிட்டார்கள் என்பதைச் சொல்கிறார் கேபிள். டாம் ராபின்சனின் கதையை அவருடைய தகப்பன் சொல்லக் கேட்பதுபோல் இருக்கும் அது. மேகோமில் நமக்குக் கிடைக்காமல் போன குரல். முதல் உலகப் போரில் பதக்கம் வாங்கிய கூட், ஊர் திரும்பியபோது அணியக் கூடாதென்று மிரட்டப்பட்ட அந்தச் சீருடையை இத்தனை வருடம் கழித்து அணிந்து வந்திருக்கிறார். இறந்தவர்களின் கல்லறைகளை டிராக்டர்கள் உழுதுவிடும் என்ற பயமும் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. கெய்ன்ஸ் கடைசிக் காலத்தில் தன் முன்னோர் புதைந்திருக்கும் கல்லறைத் தோட்டத்தைக் காப்பாற்ற மெனக்கெட்டார் என்பதும், 2019-இல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பதும் தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்கங்களின் கனம் இன்னும் கூடும்.

அட்டிகஸ் மரபுக்குக் கெய்ன்ஸ் தரும் நேரடி பதில் கேண்டியின் விஷயத்தில் இருக்கிறது. அடுத்து என்ன செய்வது என்று பேச முதியவர்கள் வீட்டுக்குள் போகிறார்கள். கேண்டியும் உள்ளே வருகிறாள். வெளியே போகச் சொல்கிறார்கள். அவளுக்கு அடங்காத கோபம். இது தன் இடம், இவர்கள் தன் மனிதர்கள் என்று கத்துகிறாள். இழுத்துக்கொண்டு போய் வெளியே விடும்படி ஆகிறது. அவள் கெட்டவள் அல்ல. மாத்துவை உண்மையாகவே நேசிக்கிறாள். ஆனால் அந்த நேசத்துக்குள் உடைமை இருக்கிறது. தான் காப்பாற்றினால்தான் அவர்கள் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது. அவள் இல்லாத அறையில்தான் அந்த முதியவர்கள் முதன்முறையாகத் தங்களுக்குள் பேசுகிறார்கள். உண்மையில் கொன்றவன் சார்லி என்பவன். அவன் ஓடிப் போய், பிறகு திரும்பி வந்து ஒப்புக்கொள்கிறான். தன்னை மிஸ்டர் பிக்ஸ் என்று அழைக்க வேண்டும் என்கிறான். ஷெரிஃப் அப்படியே அழைக்கிறார். ஊரில் துணிவானவர் தான் ஒருவரே என்று நினைத்திருந்த மாத்துவும் அன்று மாறிவிடுகிறார்: இந்த மனிதர்களைப் பற்றித் தன் மனதில் இருந்த இளக்காரத்துக்காக வெட்கப்படுகிறார். தனி நாயகன் என்ற எண்ணத்தைக் கறுப்பின நாயகனிடமிருந்தும் கெய்ன்ஸ் பறித்துவிடுகிறார். ஒருவருக்குப் பின் ஒருவராக, பிந்தி வந்து, பயந்துகொண்டே வந்து நிற்பது துணிவுதான் என்கிறார்.

மன்ரோவில்லுக்குத் திரும்ப வேண்டும். அங்கே 1986 நவம்பரில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். மறு வருடம், மரம் வெட்டும் தொழில் செய்த வால்ட்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பரைக் கைது செய்து, விசாரணைக்கு முன்பே மரண தண்டனைக் கைதிகளின் சிறையில் அடைத்தார்கள். கொலை நடந்த காலையில் அவர் வீட்டில் சர்ச்சுக்குப் பணம் திரட்ட மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அவரை அங்கே பார்த்த கறுப்பின மக்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் வார்த்தை எடுபடவில்லை. அரசுத் தரப்புச் சாட்சி ஒருவர் பொய் சொன்னதாகச் சொல்ல முன்வந்த ஒரு கறுப்பின இளைஞர் மீதே பொய்ச்சாட்சிக் குற்றம் சுமத்தப்பட்டது. ஜூரி ஆயுள் தண்டனையைப் பரிந்துரைக்க, நீதிபதி அதை மரண தண்டனையாக உயர்த்தினார். பிரையன் ஸ்டீவன்சனும் அவர் உடன் பணியாற்றியவர்களும் போராடி 1993-இல்தான் விடுவித்தார்கள். ஸ்டீவன்சன் 2014-இல் 'ஜஸ்ட் மெர்ஸி' நூலில் இதை எழுதும்போது, அந்த ஊர் ஹார்ப்பர் லீயின் நாவலில் கொண்டிருந்த பெருமையையும் பதிவு செய்கிறார். 1990களின் தொடக்கத்திலிருந்து மன்ரோவில் பழைய நீதிமன்றத்தில் வருடந்தோறும் அந்த நாவல் நாடகமாக நடக்கிறது. இடைவேளையில் பார்வையாளர்களிலிருந்தே 12 ஆண்களை ஜூரியாக உட்கார வைப்பார்கள். அட்டிகஸைக் கொண்டாடத் தெரிந்த அதே மாவட்டத்தின் காவலர்களும் அரசு வக்கீலும்தான் மெக்மில்லியனைக் கூண்டில் ஏற்றினார்கள். இவை இரண்டும் முரண்பட்டு நிற்கவில்லை என்பதுதான் என் அச்சம். தனிமனித நாயகனைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டால், நம் பங்கு முடிந்துவிட்டது என்ற ஆறுதல் கிடைத்துவிடுகிறது.

இதற்காக நாவலைப் பள்ளியிலிருந்து நீக்க வேண்டும் என்பவர்களோடு நான் இல்லை. மிசிசிப்பியின் பிலாக்ஸி பள்ளி மாவட்டம் 2017-இல் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து அதை எடுத்தது. அதன் மொழி சிலருக்குச் சங்கடம் தருகிறது என்பது காரணம். சங்கடம் தர வேண்டிய புத்தகம்தானே அது? 2015-இல் வந்த 'கோ செட் எ வாட்ச்மேன்' நாவலில் வயதான அட்டிகஸ் வெள்ளையர் குடிமக்கள் குழுவின் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அதிர்ந்தவர்கள் பலர். முதல் நாவலை நன்றாகப் படித்திருந்தால் அந்த அதிர்ச்சி வந்திருக்காது. கூ க்ளக்ஸ் க்ளானை ஏதோ பழைய அரசியல் அமைப்பு என்று குழந்தைகளிடம் சுலபமாக ஒதுக்கிப் பேசுபவர் முதல் நாவலின் அட்டிகஸ்தான்.

ஆகவே ஆசிரியர்களிடம் நான் கேட்பது இது. வகுப்பை அட்டிகஸின் இறுதியுரையில் தொடங்காதீர்கள். டாம் கூண்டில் ஏறும் பக்கத்தில் தொடங்குங்கள். ஸ்கவுட் நம்மை வெளியே கூட்டிப்போகும் இடத்தில் நிறுத்தி, அந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். ஹெலன் வேலைக்குப் போகும் சாலையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். தீர்ப்புக்குப் பிறகு யார் எதை இழந்தார்கள், யாருக்கு எதுவுமே மாறவில்லை என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். அதன்பின் கெய்ன்ஸின் முதியவர்களைப் படியுங்கள். கேண்டி வெளியேற்றப்படும் பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். மறுநாள் ஹார்ட்டனைப் பற்றியும் ஏடா ரைட்டைப் பற்றியும் பேசுங்கள். அட்டிகஸ் நல்லவரா என்ற கேள்வியை மாணவர்கள் அப்போதும் கேட்பார்கள். நல்லவர்தான் என்று சொல்லிவிட்டு, டாமின் சாட்சியத்துக்கே திரும்பிப் போங்கள்.